வாங்கிக்கொள்ளும் கை

முப்பது வருடத்துக்கும் மேல் பேருந்து நடத்துநராக இருந்தேன். அதில் பாதிக்கு மேல் மலை வண்டி. போளூரில் கிளம்பினால் சுமார் 40 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறி ஜமுனாமரத்தூரில் போய் நிற்கும். ஜவ்வாது மலை என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பீமன் அருவியும் கோலப்பன் ஏரிப் படகும் ஞாபகம் வரும். எனக்கு வண்டியின் வாசனைதான் ஞாபகம் வரும். கூரைமேல் புளி மூட்டை, சாமை மூட்டை. உள்ளே கால் வைக்கிற இடத்தில் பலாப்பழம். பருவத்தில் கூடை கூடையாகச் சீத்தாப்பழம். டிக்கெட் கிழிக்கிற விரலில்கூட அந்த மணம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

நடத்துநர் வேலை என்பது கொடுப்பதும் வாங்குவதும்தான். காசை வாங்கு, சீட்டைக் கொடு, மீதிச் சில்லறையைக் கொடு. நீட்டிய கைக்கு எதிரே இன்னொரு கை இருக்க வேண்டும். இருந்தால்தான் கணக்கு நேராகும். இத்தனை வருடம் அந்த வேலையைப் பார்த்த எனக்கு, கொடுப்பதற்கும் எறிவதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு மலைக்கார ஆயாதான் சொல்லிக்கொடுத்தாள்.

கேரி பேக் புழக்கத்துக்கு வந்து சில வருடங்கள் ஆகியிருந்த நேரம். டிபன் பாக்ஸைத் தூக்கிச் சுமக்கச் சோம்பல்பட்டு, தயிர்சாதத்தை இலையில் மடித்து, கேரி பேக்கில் போட்டு எடுத்துப்போகும் பழக்கம் எனக்கும் வந்திருந்தது. ஜமுனாமரத்தூரில் வண்டி கிளம்ப நேரம் இருந்தது. உள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். முடித்ததும் இலையும் பையுமாகச் சுருட்டி, ஜன்னல் வழியாக வெளியே வீசினேன். அதை நான் ஒரு காரியமாகக்கூட நினைக்கவில்லை. மூச்சு விடுகிற மாதிரி, கை தானாகச் செய்தது.

முன் இருக்கையில் ஒரு ஆயா உட்கார்ந்திருந்தாள். காலடியில் கூடை. அவளும் அப்போதுதான் இலைப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டு முடித்திருந்தாள். என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்:

"ஏன் கண்டக்டரே, அத அங்க எறிஞ்சியே, வாங்கிக்க யாரு நிக்கிறா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "நீயுந்தான ஆயா இலைய எறிஞ்ச?" என்றேன்.

"அது மண்ணுல மொளச்சுது. மண்ணு வாங்கிக்கும். அதுக்கு முந்தி ஆடு வந்தா ஆடு வாங்கிக்கும். உன்னுத யாரு வாங்கிக்குவா?"

வண்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே விசிலை ஊதினேன். வண்டி இறங்கியது. அந்தக் கேள்வி மட்டும் இறங்கவில்லை. இந்த எழுபத்தொரு வயதிலும் என்னோடுதான் இருக்கிறது.

யோசித்துப் பார்த்தால், எறிவது தப்பு என்று எங்கள் பெரியவர்கள் யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. வாழை மட்டை, தேங்காய் நார், சாம்பல், மாட்டுச் சாணம், கூட்டிய மண் எல்லாம் வீட்டுக்குப் பின்னால் இருந்த குழிக்குப் போகும். கோடையில் அது வண்டி ஏறி நிலத்துக்குப் போகும். "குப்பை அடிச்சாச்சா?" என்று ஒரு குடியானவர் இன்னொருவரைக் கேட்டால், நிலத்துக்கு எரு போட்டாயிற்றா என்று பொருள். குப்பை இருக்கிற வீடு என்றால் மாடு இருக்கிற வீடு, வசதியான வீடு. எறிந்த ஒவ்வொன்றுக்கும் மண் கையை நீட்டிக்கொண்டு நின்ற காலம் அது. அந்தக் காலத்தில் பழகியது நம் கை. பிறகு பொருள் மாறிவிட்டது, கை மாறவில்லை. இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களும் நம்மைப் போலத்தான் எறிந்தார்கள். அவர்கள் எறிந்ததையெல்லாம் மண் தின்றது. நாம் எறிவதை மண் துப்புகிறது.

மண் மட்டுமல்ல, மனிதர்களும் கை நீட்டியிருந்தார்கள். போளூர் பேருந்து நிலையத்தில் அந்த நாளில் நடந்த ஒரு காட்சியைச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். வண்டி புறப்படப் போகும். ஜன்னலோரம் ஒருவர் கோலி சோடாவைக் குடித்துக்கொண்டிருப்பார். கீழே சோடாக்காரப் பையன் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பான். வண்டி நகரும். பையன் கூடவே ஓடுவான். "அண்ணா, பாட்டில்! அண்ணா, பாட்டில்!" கடைசி மடக்கைக் கடகடவென்று விழுங்கி, அவர் பாட்டிலை நீட்டுவார், ஓடுகிற கை அதைப் பிடித்துக்கொள்ளும். டீ கிளாசும் அப்படித்தான். சூடு தாங்காமல் உதட்டைச் சுட்டுக்கொண்டு குடித்துவிட்டுக் கிளாசைத் திருப்பிக் கொடுப்பார்கள். அந்த இரண்டு நிமிடத்துக்காக எத்தனையோ முறை நான் விசில் ஊதாமல் காத்திருக்கிறேன். அத்தனை வருடத்தில் ஒருவர்கூட டீ கிளாசை ரோட்டில் எறிந்து நான் பார்த்ததில்லை. வாங்கிக்கொள்ள ஒருவன் நின்றான், அதனால் கொடுத்தார்கள்.

பிறகு பிளாஸ்டிக் கப் வந்தது. தண்ணீர் பாக்கெட் வந்தது: மூலையைப் பல்லால் கடித்து, உறிஞ்சி, கசக்கி, வெளியே. பையன் ஓடுவதை நிறுத்திவிட்டான். ஜன்னலுக்குக் கீழே நின்ற கை போய்விட்டது. ஆனால் ஜன்னலுக்கு வெளியே நீளுகிற கை அப்படியே நீண்டது. பெரும் கொடுமையாக யாரும் எதையும் செய்யவில்லை, இவ்வளவுதான் நடந்தது.

இப்போது என் தப்பை ஒன்று சொல்ல வேண்டும். இரவு கடைசி நடை முடிந்து வண்டி பணிமனைக்குப் போகும். அங்கே ஒரு அம்மா வண்டியைக் கூட்டிக் கழுவுவார். மலை வண்டி என்றால் என்னவெல்லாம் கிடக்கும் என்று ஏறி இறங்கியவர்களுக்குத் தெரியும். டிக்கெட் துண்டு, வேர்க்கடலைத் தோல், பலாக்கொட்டை, கொண்டை ஊசி வளைவில் தலைசுற்றியவர்கள் எடுத்த வாந்தி. பகலில் யாராவது வாந்தி எடுத்தால் நான் ஒரு கை மண்ணை அள்ளிப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன். "ராத்திரி கூட்டிக்குவாங்க" என்பேன். யார்? அந்த அம்மா. ஓட்டுநர்கள் பெயர் எனக்குத் தெரியும், மெக்கானிக்குகள் பெயர் தெரியும், கேண்டீனில் போண்டா போடுகிறவர் பெயர்கூடத் தெரியும். அந்த அம்மாவின் பெயர் எனக்குத் தெரியாது. பல வருடம் பார்த்த முகம். ஒரு நாள்கூட நான் கேட்டதில்லை.

ஆயாவின் கேள்விக்கு நகரத்தில் பதில் இருக்கிறது; அந்தப் பதிலைச் சொல்லத்தான் நமக்கு வாய் வருவதில்லை. மண் கையை மடக்கிக்கொண்ட பிறகு, நம் குப்பையை ஒரு மனிதக் கை வாங்கிக்கொள்கிறது. அந்தக் கை எந்தத் தெருவிலிருந்து வரும் என்பதை நம் ஊர் பல தலைமுறைக்கு முன்பே முடிவு செய்து வைத்துவிட்டது. "அதுக்குத்தான் ஆள் இருக்காங்களே" என்று சாதாரணமாகச் சொல்கிறோமே, அந்த வாக்கியத்தில் சாதி உட்கார்ந்திருக்கிறது. துப்புரவுப் பணியாளர் என்பது தூய்மைப் பணியாளர் என்று ஆகிவிட்டது. நல்ல மாற்றம். ஆனால் பெயர்ப்பலகை மாறியதே தவிர, வேலைக்கு வருகிற தெரு மாறவில்லை. தன் வாசலைத் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டு வைத்திருப்பவர் தெருமுனையில் கவரைக் கட்டி எறிகிறார் என்றால், அவருக்குச் சுத்தம் தெரியாது என்று அர்த்தமில்லை. அசுத்தத்தை வாங்கிக்கொள்ள ஒருவர் பிறந்திருக்கிறார் என்று அவர் மனம் நம்புகிறது.

சென்னையில் மகள் வீட்டுக்குப் போகும்போது விடியற்காலையில் நடப்பேன். தெருவில் ஆளில்லாத அந்த நேரத்தில் தூய்மைப் பணியாளர்கள் கூட்டிக்கொண்டிருப்பார்கள். இவர்கள் கூட்டிக்கொண்டு போகப் போக, பின்னாலேயே ஒரு மாடியிலிருந்து கவர் விழும். சென்னை ஒரு நாளைக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை போடுகிற நகரம். பல்லாண்டுகளாக அதை வடக்கே கொடுங்கையூரும் தெற்கே பெருங்குடியும் வாங்கிக்கொண்டன. பெருங்குடிக் குப்பைமேடு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின்மேலேயே வளர்ந்தது. மழைநீரை வாங்கிக்கொள்ள வேண்டிய இடம், குப்பையை வாங்கிக்கொண்டது. அதன்பின் மழை வந்தால் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது என்று குறைப்படுகிறோம். கொடுங்கையூரில் புகையோடு குடியிருப்பவர்களைக் கேட்டால், "வெளியே எறிந்தேன்" என்ற சொல்லில் வருகிற அந்த 'வெளியே' எந்தத் தெரு என்று கதவு எண்ணோடு சொல்வார்கள்.

நகரத்தில் சுமந்துபோக ஆளாவது இருக்கிறார். மலையில் அவரும் இல்லை. விடுமுறை நாளில் அருவிக்கும் ஏரிக்கும் கூட்டம் வரும். கோடை விழாவுக்கு இன்னும் கூட்டம். வருகிறவர்கள் நல்லவர்கள். பிள்ளைகளைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறார்கள், பசியென்று வந்த நாய்க்குப் பிஸ்கட் போடுகிறார்கள். போகும்போது பிரியாணிப் பொட்டலத்தின் உறையையும் தண்ணீர் பாட்டிலையும் பாறை இடுக்கில் செருகிவிட்டுப் போகிறார்கள். கவனியுங்கள்: நடுவில் போடுவதில்லை, இடுக்கில் செருகுகிறார்கள். தப்பு என்று கைக்குத் தெரிந்திருக்கிறது. கண்ணில் படாவிட்டால் சரியாகிவிடும் என்று மனம் சமாதானம் சொல்கிறது.

செருகியது அங்கேயே இருக்குமா? ஒரு மழை போதும். பாறையிலிருந்து ஓடைக்கு, ஓடையிலிருந்து ஆற்றுக்கு. செய்யாறு இந்த மலையில்தான் பிறக்கிறது. கீழே இறங்கி, எத்தனையோ ஊர் ஏரிகளை நிரப்பி, திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்கிறது. மலையில் கை கழுவிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று நினைக்கிறவரின் ஊருக்கே அவர் கவர் தண்ணீரோடு திரும்பி வரலாம். தண்ணீருக்கு முன் மாடு முந்திக்கொண்டால் இன்னும் மோசம். கவரில் ஒட்டியிருக்கும் சோறும் உப்பும் மாட்டுக்கு மணக்கும். கவரை விட்டு உப்பை மட்டும் தின்ன அதற்குத் தெரியாது. வயிற்றுக்குள் போன பிளாஸ்டிக் செரிக்காது, வெளியேயும் வராது, சேர்ந்துகொண்டே போகும். கறவை நிற்கும், வயிறு உப்பும். மலையில் ஒரு குடும்பத்துக்கு மாடு என்பது என்னவென்று உங்களுக்குத் தெரியும். நம் ஒரு வேளைப் பிரியாணியின் கணக்கு, அறிமுகமே இல்லாத ஒருவர் வீட்டுத் தொழுவத்தில் போய் முடிகிறது.

கொஞ்ச காலம் ஆலங்காயம் பக்கத்திலிருந்து ஏறும் வண்டியிலும் வேலை பார்த்தேன். வழியில் காவலூர். அங்கே வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது, 1986-இல் 2.34 மீட்டர் தொலைநோக்கியை அங்கே தொடங்கிவைத்தார்கள். இவ்வளவு பெரிய கருவியை ஏன் இந்தக் காட்டில் கொண்டுவந்து வைத்தார்கள் என்று அங்கே வேலை பார்த்த பயணி ஒருவரிடம் கேட்டேன். "இருட்டு வேணும்ங்க. ஊர் வெளிச்சம் பட்டா நட்சத்திரம் மங்கிடும்" என்றார். வெளிச்சத்திலும் குப்பை உண்டு என்று அன்றைக்குத் தெரிந்தது. நாம் தேவைக்குமேல் வானத்தில் எறிகிற வெளிச்சத்தை, எங்கோ மலைமேல் ஒரு கண்ணாடி வாங்கிக்கொள்கிறது. வாங்கிக்கொள்பவர் இல்லாத எறிதலே உலகத்தில் இல்லை. நமக்கு முகம் தெரியாது, அவ்வளவுதான்.

சரி, இதற்கு என்னதான் வழி? "தொட்டி வைக்கலே, அதான் போட்டேன்" என்பது நான் அதிகம் கேட்ட பதில். ஜப்பானில் 1995-இல் டோக்கியோ சுரங்க ரயிலில் விஷவாயுத் தாக்குதல் நடந்த பிறகு, பொது இடங்களில் இருந்த தொட்டிகளைப் பெருமளவு எடுத்துவிட்டார்கள். மக்கள் குப்பையைப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போகப் பழகிக்கொண்டார்கள். அந்த ஊர்ப் பள்ளியில் வகுப்பறையைப் பிள்ளைகளே கூட்டுகிறார்கள். கூட்டிய கைக்கு எறியக் கூசும். "அபராதம் போட்டாத்தான் திருந்துவாங்க" என்பது இன்னொரு பதில். சிங்கப்பூரில் அபராதத்தோடு, 1992 முதல் குப்பை போட்டவரையே பொது இடத்தில் கூட்ட வைக்கும் தண்டனையும் உண்டு. எனக்கு அந்த அபராதத்தைவிட இந்தத் துடைப்பம்தான் பிடித்திருக்கிறது. எறிந்தவனையே வாங்கிக்கொள்ள வைக்கிறார்கள்.

நம் ஊரிலும் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன். ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்தது. மஞ்சப்பைக்காரன் என்றால் நாட்டுப்புறத்தான் என்று கேலி செய்த நகரத்தில், கோயம்பேட்டில் 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரத்தை வைத்தார்கள். ஆனால் என்னை மிகவும் யோசிக்க வைத்தது நீலகிரிதான். காட்டில் கிடந்த உடைந்த மது பாட்டில்கள் யானையின் காலைக் கிழிப்பது உயர் நீதிமன்றம் வரை போனது. 2022 மே மாதம் அங்கே டாஸ்மாக் கடைகளில் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள்: பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதல், காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் திரும்பும். குடித்தவர்களே தள்ளாடிக்கொண்டு பாட்டிலைக் கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். பிறகு மற்ற மலைகளுக்கும் மாவட்டங்களுக்கும் அது பரவியது. ஒழுக்கம் சொல்லித்தர எந்தப் பெரியவரும் அங்கே போகவில்லை. சோடாக்காரப் பையன் திரும்பி வந்து ஜன்னலுக்குக் கீழே நின்றான். அவ்வளவுதான் வேலை.

ஓய்வு பெற்ற பிறகும் வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை மலை வண்டியில் ஏறுகிறேன். தோல் பை போய், தோளில் மஞ்சப்பை. சென்ற முறை எனக்கு முன் இருக்கையில் ஒரு தாயும் ஐந்தாறு வயதுப் பையனும். சிப்ஸ் தின்று முடித்துவிட்டு, "அம்மா, இத எங்க போடறது?" என்றான். அவள் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "வெளிய போடுடா" என்றாள். அவன் ஜன்னலை எட்டினான். என் கை தானாக நீண்டது, முப்பது வருடம் நீண்ட பழக்கம். "டிக்கெட் டிக்கெட்" என்று கேட்காததுதான் குறை. பையன் ஒரு கணம் என்னைப் பார்த்தான். கவரை என் உள்ளங்கையில் வைத்தான். அவன் அம்மா நிமிர்ந்து, "ஐயோ, உங்களுக்கு எதுக்குங்க தாத்தா" என்றாள். நான் பேசாமல் பையில் போட்டுக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து ஒரு தண்ணீர் பாட்டில் வந்தது, பிறகு இரண்டு பால்கோவா உறை, ஒரு ஜூஸ் டப்பா. பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பெருமை வீடு வரைக்கும்தான். பையைத் திண்ணையில் வைத்ததும் என் வீட்டுக்காரி கேட்டாள்: "ஊரு குப்பையெல்லாம் தூக்கினு வந்திருக்கீங்களே, இத யார்கிட்ட குடுக்கப் போறீங்க?" ஆயாவே வந்து கேட்ட மாதிரி இருந்தது. மறுநாள் பழைய இரும்புக் கடைக்கு எடுத்துப்போனேன். கடைக்காரத் தம்பி தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டார். உள்ளே வெள்ளியாய் மின்னும் அந்தச் சிப்ஸ் உறையை மட்டும் இரண்டு விரலால் தூக்கி என்னிடமே திருப்பித் தந்தார். "இது ஓடாதுங்க ஐயா. கிலோ கணக்கா குடுத்தாலும் யாரும் வாங்கமாட்டாங்க. நாலஞ்சு படலம் சேத்து ஒட்டியிருக்கான், பிரிக்க முடியாது."

நான் நடுத்தெருவில் அந்த உறையோடு நின்றேன். மண் வாங்காது, மாடு வாங்கினால் சாகும், இரும்புக் கடையும் வாங்காது. ஐந்து ரூபாய்க்கு விற்றவர் மட்டும் அந்த ஐந்து ரூபாயை வாங்கிக்கொண்டு போய்விட்டார். உறையைச் சந்தையில் விடுகிற நிறுவனமே அதைத் திரும்பப் பெறும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்று 2016-இன் பிளாஸ்டிக் கழிவு விதிகள் சொல்கின்றன. சொல்கின்றன என்பது எனக்கும் தெரியும். என் தெருவில் அந்தக் கையை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆயாவின் கேள்வி எறிந்தவனிடம் மட்டும் கேட்கவேண்டிய கேள்வி என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். செய்தவனிடமும் விற்றவனிடமும் அதே குரலில் கேட்க வேண்டும்.

ஆனாலும் பிள்ளைகளே, அவர்கள் பதில் சொல்லும்வரை உங்கள் கையில் இருப்பது உங்களுடையதுதான். நடத்துநருக்கு ஒரு விதி உண்டு: பையில் காசு குறைந்தால் அவர் கைக்காசைப் போட்டுக் கட்ட வேண்டும். யார் சில்லறை தராமல் போனார் என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

அந்த உறை இப்போதும் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு ஆணியில் தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லாரும், "இத ஏன் தாத்தா மாட்டி வெச்சிருக்கீங்க?" என்று கேட்கிறார்கள். வாங்கிக்கொள்ள ஆள் வரும்வரை வைத்திருக்கிறேன் என்கிறேன். இரண்டு மழைக்காலம் போய்விட்டது. நிறம்கூட மங்கவில்லை.